நானூறு பேர் முன்னிலையில்

"நீயும் ஏதாவது பேசேன், நடீன். வீடியோல உன் குரலும் வரட்டும்."

"நான் வளைவைப் பார்த்து ஓட்டறேன். நீயே பேசு."

மனைவி ஓட்ட, வெண்டெல் பேசினார். லெமன் மலையின் அடிவாரத்தில் ஆளுயரக் கள்ளிகள் கை தூக்கி நின்றபோது, மலையில் குப்பை போடுகிறவர்களைப் பற்றிப் பேசினார். கள்ளி குறைந்து புல்லும் கருவாலி மரமும் வந்தபோது, வெளியூரிலிருந்து வந்து மலையைக் கெடுப்பவர்களைப் பற்றி. பாறைத் தூண்கள் வந்தபோது, அவர்களைக் கண்டுகொள்ளாத அரசாங்கத்தைப் பற்றி.

பைன் மரங்களும் பனியும் தொடங்கிய பிறகுதான் வெளியே பார்த்தார். அதுவும் போன் திரை வழியாக.

மேலே பனி விழுந்தால் மறுநாள் அடிவாரத்துப் பாலைவன நகரமான டூசானே மலையேறிவிடும். கார் பானெட் மேல் ஒரு பனிமனிதனைச் செய்து உட்காரவைத்து, அவன் உருகுவதற்குள் பாலைவனத்துக்கு இறக்கி நாலு பேருக்குக் காட்டினால்தான் அந்த வருஷக் குளிர்காலம் நிறையும். வெண்டெலுக்கு இந்த விளையாட்டெல்லாம் கிடையாது; பேரப்பிள்ளைகளைப் பனியில் சறுக்கக் கூட்டிவருவதோடு சரி. குப்பை போடுகிறவர்களைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவதே அவருடைய பொழுதுபோக்கு. அதைப் பார்க்க நானூறு பேர் இருந்தார்கள்.

"நிறுத்து! நிறுத்து!"

சாலையோரத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி. பின்பக்கம் முழுக்க உடைந்த பிளாஸ்டிக். எல்லாம் பிள்ளைகள் பனியில் சறுக்கும் தட்டுகள். மரத்தடியில் ஒருவர் பாதித் தட்டோடு நின்றார். அவர் மனைவியும் மகளும் பானெட் மேல் பனிமனிதனுக்குக் கேரட் மூக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெண்டெல் போனை நீட்டிக்கொண்டே இறங்கினார். "ஏம்பா, இது காடா, குப்பைத்தொட்டியா?"

"சார், நாங்க கொட்ட..."

"பேர் என்ன?"

"எஃப்ராயீன். சார், இது..."

"என்ன வேலை?"

"ஸ்கூல் பஸ் ஓட்டறேன்."

"அடடா! பிள்ளைங்களுக்கும் இதைத்தான் கத்துக்கொடுக்கறியா?"

எஃப்ராயீனின் மனைவி ஒஃபேலியா பனியைத் தட்டிக்கொண்டு திரும்பினாள். "நீங்க வாயை மூடினாத்தானே சார் அவர் வாயைத் திறக்க முடியும்?"

"திறக்கலாம்மா. கோர்ட்ல திறக்கலாம்."

எஃப்ராயீன் கையிலிருந்ததை வண்டியில் போட்டுக் கிளம்பினார்.

"பின்னாலயே போ, நடீன். விட்டுடாதே. மேலே சிக்னல் இல்லை. கீழே போய் நேரலையே போட்டுடறேன். கேஸ் விழுந்தா பஸ் ஓட்டற லைசென்ஸ் போயிடும்."

"அவர் வேலை போறதுல உனக்கு என்ன சந்தோஷம்?"

"சந்தோஷமா? கடமை!" என்றார் வெண்டெல், வாயெல்லாம் பல்லாக.

பைன் போய், பாறை போய், மறுபடி கள்ளி வந்தது. அடிவாரத்தில் போலீஸ் அதிகாரி ஆன்டோன் அம்மாள், மேலே போகிற வண்டிகளின் டயருக்கு, பனியில் வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெண்டெல் கார் நிற்பதற்கு முன்பே குதித்தார்.

"ஆபீசர்! அந்தப் பிக்கப்பைப் பிடிங்க! நண்பர்களே, எல்லாரும் பாருங்க, நேரலை! காட்டுல குப்பை கொட்டின ஆள்! பாதி கொட்டறப்போ நான் போய்ப் பிடிச்சேன்!"

ஆன்டோன் பிக்கப்பை ஓரங்கட்டச் சொன்னார். எஃப்ராயீன் கேட்காமலே லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

ஆன்டோன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஐயா, குப்பை கொட்டப் போறவன் வண்டி ஏறும்போது நிறைஞ்சிருக்கும். இது காலையில காலியா ஏறுச்சு. நான்தான் சங்கிலியைப் பார்த்து அனுப்பினேன்."

வரிசையில் நின்ற கார்களிலிருந்து சிரிப்புக் கேட்டது.

"பனி விழுந்தா இந்தக் குடும்பம் தவறாம வரும். ஊரார் போட்டுட்டுப் போனதைப் பொறுக்கிட்டு இறங்கும். யாரும் சொல்லலை, அவங்களா செய்யறாங்க."

வெண்டெல் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.

"கேட்டீங்களா, நண்பர்களே? நான் சொன்னது சரியாப் போச்சு! இந்த ஏழை மனுஷன் பொறுக்கறார். போட்டவன் எங்கேயோ கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கான்! ஆபீசர், அவனைப் பிடிக்க வழியே இல்லையா?"

"விடுங்க சார்," என்றார் எஃப்ராயீன். "குழந்தைங்க விளையாடறது. உடைஞ்சா அங்கேயே விட்டுட்டுப் போயிடறாங்க."

"உன்னை மாதிரி ஆளுங்க விடறதாலதான்பா நாடு இப்படி இருக்கு!"

ஆன்டோன் குவியலைக் கிளறி ஒரு நீலத் தட்டின் பாதியை இழுத்தார். அடிப்பக்கத்தில் கறுப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது.

"அட, போன் நம்பர். தொலைஞ்சா கிடைக்கட்டும்னு எழுதியிருக்காங்க போல."

நடீனும் அந்த எழுத்தைப் பார்த்தாள். காரிலிருந்து வேகமாக இறங்கி வந்தாள்.

"வெண்டெல், போதும். போனை அணைச்சுட்டு வா. போகலாம்."

"இரு, நடீன். இப்பத்தான் விஷயமே வருது."

"சொல்றதைக் கேளு. வா."

"கையை விடு! ஆபீசர், கூப்பிடுங்க! இப்பவே கூப்பிடுங்க!"

"வேண்டாம் மேடம்," என்றார் எஃப்ராயீன். "யாரோ பாவம், மறந்து விட்டிருப்பாங்க. இத்தனை பேர் முன்னாடி எதுக்கு?"

"பாவமா? ஒரு பாவமும் கிடையாது! நானூறு பேர் பார்த்துட்டிருக்காங்க. அவங்க முன்னாடி அந்த ஆள் பதில் சொல்லியே ஆகணும்!"

ஆன்டோன் தோளைக் குலுக்கிக்கொண்டு, தட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

வெண்டெல் நீட்டிப் பிடித்திருந்த போன், நேரலையை நிறுத்திவிட்டு, கணீரென்று அடிக்கத் தொடங்கியது.