திரும்பி வந்த ஐந்து

மாலை வெயில் ஜன்னல் தட்டி வழியாகக் கோடுகோடாக அவள் கணினித் திரையில் விழுகிறது. தரவுத்தளத்துக்கு வரும் கேள்விகளைப் பிரித்துப் படிக்கும் நிரல் அதில் திறந்திருக்கிறது. ஒரே கேள்வியை இரண்டு விதமாகப் படிக்க இடம்கொடுக்கும் முரண்கள் காலையில் மூன்று இருந்தன. ஒன்றைத் தீர்த்தாள், ஐந்தாகிவிட்டன; ஒவ்வொன்றுக்கும் திரையில் ஓர் எச்சரிக்கை. ஆறிப்போன காபியில் ஆடை படிந்திருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் பையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்க்கிறார். "ஏம்மா மல்லுக்கட்டுறே? அஞ்சு வரைக்கும் பரவாயில்லைன்னு மேலே ஒரு வரி போடு, அது வாயை மூடிக்கும்." "தப்பாப் படிச்சுட்டா சார்?" "படிக்கும். யாருக்குத் தெரியப்போகுது?" அவர் போய்விடுகிறார். அவள் அந்த வரியைப் போடுகிறாள். திரை துடைத்துவிட்டாற்போல் ஆகிறது. கண்ணைக் கசக்கியபடி அதையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு வரியை அழிக்கிறாள். ஐந்து எச்சரிக்கைகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. "வாங்க, உட்காருங்க" என்கிறாள்.