குழாய்க்குச் சுற்றிய பஞ்சு

"குளிருக்குக் குழாய் வெடிச்சால் வீடே நாசம்!" வெளிறிய முகத்தோடு சொல்லிவிட்டு, வீட்டுத் தரைக்கு அடியிலிருந்த இடுக்குக்குள் ஊர்ந்தார் அருட்பிரகாசம்.

"இந்த மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றாள் மனைவி லூர்தம்மா.

உதவிக்குப் பின்னால் ஊர்ந்தான் புது மருமகன் லக்ஸன். டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், குழாய்களில் ஏற்கெனவே தலையணைத் தடிமனுக்குப் பஞ்சு சுற்றியிருந்தது.

"மாமா, இது போன வருசமே சுத்தினதெல்லோ?"

"ஓம் தம்பி. அதுக்கு முந்தின வருசமும்." அவர் அதன்மேலேயே இன்னொரு சுற்று டேப் ஒட்டினார்.

வெளியே 'டமார்' என்றது. ஊரில் ஷெல்லடிக்குப் பதுங்குகுழியில் கிடந்ததுபோல், காதைப் பொத்திக்கொண்டு அவர் மண்ணில் குப்புறப் படுத்தார். ஜெர்மனியின் ஹம் நகரத் தெருவில் பிள்ளைகள் புத்தாண்டு வாணம் விடத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த வெடிக்கு இடுக்கின் கதவு திறந்தது. செபமாலையும் கையுமாக ஊர்ந்து வந்தாள் லூர்தம்மா.

"தம்பி, அது என்ர இடம். கொஞ்சம் தள்ளிப் படுங்கோ."