வல்லூறு கேட்ட கேள்வி

ஆலமரத்தில் சூறைக்குருவிகள் கொப்புக்காக ஒன்றையொன்று கொத்திக்கொண்டு கிடந்தன. "இதுகளுக்குள்ளே இவ்வளவு பகையா? இன்றைக்கு எனக்கு விருந்துதான்" என்று பசியோடு வந்த வல்லூறு பாய்ந்தது.

அடுத்த நொடி மரமே எழுந்து பறந்ததுபோல இருந்தது. அத்தனை குருவிகளும் ஒரே உடம்பாகச் சுருண்டன, விரிந்தன, வானத்தை மூடின. ஒரு சிறகும் இன்னொரு சிறகோடு உரசவில்லை. எதைப் பிடிப்பதென்று தெரியாமல் வல்லூறு பசியையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

குருவிகள் மரத்தில் இறங்கின. மறுபடி சண்டை. வல்லூறு எதிர்ப்பாறையில் உட்கார்ந்து கேட்டது: "உங்களுக்கு யாரப்பா தலைவன்?"

"தலைவனா? பக்கத்தில் பறந்தவன் திரும்பினான், நானும் திரும்பினேன்" என்றது ஒரு குருவி.

"அவனை அவ்வளவு நம்பினாயா? யார் அவன்?"

"இதோ, என் கொப்பைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, இந்தத் திருட்டுப்பயல்தான்!"