துடிக்காத வெளிச்சம்

“இது கொஞ்சம் ‘ஙொய்’னு இரையுமாம். அது இரையாதாம். நீ என்ன சொல்ற?” என்று இரண்டு விளம்பரத் தாள்களை தையல்காரியின் முகத்துக்கு நேரே நீட்டினார் அவள் கணவர்.

அவள் அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நான்காவது தடவை. கறுப்புத் துணி, கறுப்பு நூல். இந்தத் தடவையும் நூல் ஊசிக்கு வெளியேதான் போனது.

தலைக்கு மேலே சமையலறை டியூப் லைட் துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது.

துடிக்கிற அந்த வெளிச்சத்திலேயே நின்றுகொண்டு, துடிக்காத வெளிச்சத்தைப் பற்றி அவர் படித்துக் காட்டினார்.

கூடத்தில் அவருக்கு ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி உண்டு. உள்ளே உயிருள்ள பவளம், நாலைந்து மீன். மேலே மரப்பெட்டிக்குள் ஒரு டியூப் விளக்கு. சமையலறையில் இருக்கிற அதே நீளம்தான், நிறம் மட்டும் நீலம். அதற்கு மின்சாரத்தை அளந்து விட ஒரு பேலஸ்ட் வேண்டும். வீட்டு டியூப் லைட்டில் சோக் என்று ஒன்று இருக்கிறதே, அதற்குப் படித்த தம்பி.

இப்போது இருக்கிற பேலஸ்டில் விளக்கு துடிக்கிறதாம். மனுசக் கண்ணுக்குத் தெரியாதாம். பவளத்துக்குத் தெரியுமாம்.

மூன்று வாரமாக இதே பாட்டுதான். ஒரு நோட்டுப் போட்டுக் கோடு கிழித்து எழுதினார். ஊரில் தொட்டி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் போன் போட்டார். ஒன்று சூடாகும், ஒன்று சூடாகாது. ஒன்றில் விளக்கு சட்டென்று எரியும், இன்னொன்றில் யோசித்து எரியும். பெண் பார்க்கப் போனபோதுகூட மனுசன் இவ்வளவு விசாரிக்கவில்லை.

“பவளம் வாயத் தொறந்து சொல்லாது. நாமதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும்,” என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வாயைத் திறந்து சொன்னாள். ஏழு மாதத்தில் ஏழு தடவையாவது சொல்லியிருப்பாள். முதல் தடவை சொன்னபோது “அப்படியா” என்றார். ஆளைக் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, “நான் பாத்துக்கறேன், கண்டவனையும் கூப்பிடாத” என்றார். அதோடு சரி. அந்தப் பக்கம் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

தையல் மெஷின் முன்பெல்லாம் கூடத்து ஜன்னலோரம் இருந்தது. தொட்டி வந்ததும் அது சமையலறைக்குப் போனது. ஜன்னல் மீனுக்கு, துடிக்கிற டியூப் அவளுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

போன மாதம் ஒரு டீச்சரம்மாவின் கறுப்புச் சட்டையில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். பதினெட்டு வருடத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை. அந்த அம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “கண்ணு சரியில்லையாம்மா?” என்று பாவமாகக் கேட்டுவிட்டு, மிச்சத் துணியை வேறு கடைக்கு எடுத்துப் போய்விட்டார். இப்படியே இன்னும் நாலு பேர் போனால் மெஷினை மூடி வைக்க வேண்டியதுதான்.

“இரையாததையே வாங்குங்க,” என்றாள்.

வாங்கினார். அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். தண்ணீர்ப் பக்கம் கரண்ட் வேலை என்றால் அவருக்குக் குலைநடுக்கம். அதனால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பினார். தொட்டி விளக்கை அணைத்துவிட்டார். சாயங்காலம் தான் வந்துதான் சுவிட்சைப் போட வேண்டும், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னார்.

பதினோரு மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல சரக்கும்மா. எங்க மாட்டணும்?”

அவள் போய் ஏணியை எடுத்து வந்தாள்.

அரை மணி நேர வேலை. கழற்றிய பழசை என்ன செய்வது என்று கேட்டார். தூக்கிப் போடச் சொன்னாள்.

சாயங்காலம் கணவர் ஒரு காலில் செருப்போடு கூடத்துக்குள் வந்து, தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். நீல வெளிச்சம் பரவியது. தண்ணீர் பம்ப் எப்போதும்போல் கொடகொடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் மூக்கு ஒட்டும்வரை குனிந்து பார்த்தார்.

“இங்க வந்து பாரேன்,” என்று கூப்பிட்டார் கடைசியில். “துளிகூடத் துடிப்பு இல்ல. பவளத்துக்கு இப்பதான் மூஞ்சில களையே வந்திருக்கு.”

“அப்படியா,” என்றாள் அவள், மெஷினை விட்டு எழுந்திருக்காமல்.

தலைக்கு மேலே சமையலறை டியூப் லைட் கண் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

கறுப்பு நூலை எடுத்து ஊசியில் விட்டாள். முதல் தடவையிலேயே ஏறியது.