ஏழாம் மாதம்

"நாளைக்கு இதே பெட்டியில வளைகாப்பு. லீவு கீவு போட்டுத் தப்பிச்சுக்கக் கூடாது அன்பு, சரியா, ஆயித்தா? ரெண்டு பேருக்கும் வளையல் வாங்கியாச்சு" என்றாள் நேத்ரா.

பங்காருபேட்டை தாண்டி பெங்களூர் ரயில் வேகம் எடுத்திருந்தது. பெட்டியில் நிற்கவும் இடமில்லை. அன்புச்செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டிக் குணசுந்தரி. இருவருக்கும் ஏழாம் மாதம் என்று பெட்டியே அவர்களைத் தாங்கியது.

"புளிசாதம் நான். லெமன் ரைஸ் ஷாலினி. நீங்க கையை மட்டும் நீட்டினா போதும்."

நேத்ரா அடுத்த வரிசைக்கு ஆள் சேர்க்கப் போனாள். அன்புச்செல்வி குணசுந்தரியின் காதருகே குனிந்தாள்.

"குணாக்கா, நாளைக்கு நான் வரல."

"ஏம்மே, உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. அதான் விஷயமே. நான் மாசமா இல்லக்கா."

குணசுந்தரி முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"வெறும் தொப்பை. எண்பத்தெட்டு கிலோ. முன்னெல்லாம் இதே ரயில்ல நின்னுனுதான் வருவேன். 'இது உக்காந்தா மூணு பேரு எழுந்துக்கணும்'னு சிரிப்பாங்க. இளைக்கணும்னு எங்க ஊரு தங்கச் சுரங்கத்து மண்மேட்ட ஆறு மாசம் ஏறி எறங்கினேன். ரெண்டு கிலோ குறைஞ்சுது. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல."

"அப்புறம்?"

"ஒருநாள் ஒரு பெரியவர், 'பாவம், புள்ளத்தாச்சி நிக்குது, இடம் குடுங்க'ன்னாரு. நாலு பேரு எழுந்தாங்க. இல்லன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். கால் வலிச்சுது. உக்காந்துட்டேன். எத்தினி மாசம்னாங்க. மூணுன்னேன். அதே வயிறுதான்க்கா. அன்னையிலேர்ந்து மாங்கா வருது, காத்து வர்ற சீட்டு வருது. நீங்க கால அமுக்கி விட்டீங்க. என்னை யாரும் இப்படிப் பார்த்துக்கினது இல்ல."

"அழாதே. எல்லாரும் பாக்கறாங்க."

"நெசமான புள்ளத்தாச்சி நீங்க. உங்க பக்கத்துல உக்காந்து பொய்யா வளையல் போட்டுக்க மாட்டேன். இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். சீட்டு போனா போகட்டும். இவங்க மூஞ்சியிலதான் இனிமே எப்படி முழிக்கறதுன்னு தெரியல."

அவள் எழுந்தாள்.

குணசுந்தரி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். குணசுந்தரியின் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வளையலப் போட்டுக்கோ. புளிசாதம் சாப்பிடு. ஒம்பது மாசம் ஆனதும் அடுத்த பெட்டிக்கு மாறிக்கோம்மே" என்றவள், இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இது மூணாவது பெட்டி."