ஓய்வறைத் தலையணை

உத்திரமேரூருக்கு வெளியே உள்ள எங்கள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில், ஓய்வறைக் கட்டிலில் எவரும் படுப்பதில்லை. படுக்கக் கூடாதென்று யாரும் சொன்னதுமில்லை.

மனம் சோர்ந்தவர்களுக்காகப் போடப்பட்ட கட்டில் அது. இங்கே சொல்வது இந்தக் கதவைத் தாண்டாது என்று உறுதியளித்தவர் ஆலோசகர் விமலா. திருமுக்கூடலிலிருந்து வேலைக்கு வந்த கீர்த்தி அதை நம்பினாள், படுத்து அழுதாள், எல்லாவற்றையும் சொன்னாள். மாலையில் சூப்பர்வைசர் அவற்றை தையல் லைன் முழுவதும் கேட்கும்படி சொல்லிக்காட்டி, "மகாராணிக்கு மனசு நோவுதாம்!" என்று சிரித்தார். அந்த வாரமே கீர்த்தி இறந்துபோனாள்.

அதன்பின் காலைதோறும் தலையணையில் ஒரு தலை அழுந்திய குழி இருக்கிறது. பெருக்க வரும் பவளம் தட்டிச் சமன்செய்கிறாள். மறுநாளும் குழி இருக்கிறது, சற்றே ஈரமாக.

இன்று நண்பகலில், கீர்த்திக்கு அடுத்த மிஷினில் தைத்த கீதா தையலைப் பாதியில் நிறுத்தினாள். எழுந்து ஓய்வறைக்கு நடந்தாள். விமலா வழிமறித்தார்.

"என்னம்மா ஆச்சு? என்கிட்ட சொல்லு. வெளிய போகாது."

"அவகிட்டயும் இப்டித்தான சொன்னீங்க மேடம்?"

எல்லோரும் பார்த்திருக்க, கீதா கதவைத் திறந்தே வைத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படு கீர்த்தி. என்னாலயும் முடியல."

தலையணையில் குழி விழுந்து, சுவரோரம் நகர்ந்தது. கீதா படுத்தாள்.