டம்மி தோட்டா

துப்பாக்கி சுடும் மைதானத்தில் கைத்துப்பாக்கி புலம்பியது: "நான் கோணல்னு புதுப் போலீஸ்காரர் தணிகைவேல் ஊரெல்லாம் சொல்றாரு."

"ஆறு குண்டும் என் காலடி மண்ணுலதானே விழுந்துச்சு" என்றது எதிரே நின்ற காகித இலக்கு.

"நானும் உள்ள வர்றேன். யார் கோணல்னு தெரிஞ்சுடும்" என்றது மருந்தில்லாத டம்மி தோட்டா.

பயிற்சியாளர் அதை மற்ற தோட்டாக்களுக்கு நடுவே நைசாகச் செருகினார்.

அதன் முறை வந்தது. தணிகைவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுத்தார். சத்தமே இல்லை. ஆனாலும் துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்தது.

"வெடிக்கவே இல்லை, எதுக்குக் குனிஞ்சே?" என்றது இலக்கு.

"நான் எங்க குனிஞ்சேன்? அவர் கைதான் பயந்து குனிஞ்சுது."

தணிகைவேல் துப்பாக்கியை முறைத்தார். "பாருங்க சார், இப்ப இது வெடிக்கவும் மாட்டேங்குது."